பாரிஸ் எவ்ளோ தூரம் பாஸ்?

கிலோமீட்டர் மாறாது... நேரம் மட்டும் மாறிக்கிட்டே இருக்கும். ஏன்? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கணக்கு!

ஒரு ஈஸி குவிஸ்ல ஆரம்பிப்போம் ஃப்ரெண்ட்ஸ்.

நம்ம லாஸ்பேட்டை ஏர்போர்ட்ல இருந்து ஹைதராபாத் ஏர்போர்ட்டுக்கு நேர்க்கோட்டுல எவ்வளவு தூரம்? சுமார் 600 கிலோமீட்டர். சரி, பிரான்ஸ்ல பாரிஸ் சார்ல் தெ கோல் ஏர்போர்ட்ல இருந்து துலூஸ் ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு? அட, அதுவும் சுமார் 600 கிலோமீட்டர்தான்! (ரொம்ப கறாரா கேட்டா 605.)

தூரம் ஒண்ணு. ஆனா வண்டி வேற. 2024 டிசம்பர்ல இண்டிகோ நம்ம ஊர்ல இருந்து தொடங்கின சேவைக்கு வந்தது ஏ.டி.ஆர். 72. ரெண்டு பக்கமும் புரொப்பெல்லர் சுத்துமே, அதேதான். மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகம். பாரிஸ் - துலூஸ் ரூட்ல பறக்கறது ஏர்பஸ் மாதிரி ஜெட். மணிக்கு 800 கி.மீ.க்கும் மேல.

இப்ப கால்குலேட்டரை எடுங்க. 605-ஐ 800-ஆல வகுத்தா... 45 நிமிஷம். 600-ஐ 500-ஆல வகுத்தா... 72 நிமிஷம். ஆனா டிக்கெட்ல போட்டிருக்கறது என்ன தெரியுமா? துலூஸுக்கு ஒண்ணேகால் மணி நேரத்தை ஒட்டி. ஹைதராபாத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல.

அந்த எக்ஸ்ட்ரா அரை மணி நேரம் எங்கே போச்சு?

'இதெல்லாம் தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நாம இருக்கறது புதுச்சேரி. 1956-ல கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல அமலுக்கு வந்த ஒப்பந்தத்தால, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இருக்கற ஊர். தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது இருக்கும். 'பிரான்ஸ்ல இருந்து பெரியவர் கிளம்பிட்டார், வந்ததும் எடுத்துடலாம்'னு வாசல்ல பந்தல் போட்டுக் காத்திருக்கற சாவு வீட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. 'எத்தனை மணிக்கு வருவார்?'ங்கற ஒரு கேள்விக்குத்தான் அங்க எல்லாரும் பதில் தேடிக்கிட்டு இருப்பாங்க. இன்னொரு பக்கம், செப்டம்பர்ல எம்.எஸ். படிக்க ஃப்ளைட் ஏறப் போற நம்ம சீனியர்கள். பாரிஸ்ல இறங்கி 50 நிமிஷத்துல அடுத்த ஃப்ளைட்டைப் பிடிக்கலாமா, கூடாதா? டிக்கெட் விலை குறைவா இருக்கேன்னு 'ஓகே'வை அமுக்கலாமா? இது மார்க் போடற கேள்வி இல்ல பாஸ். தப்பாச்சுன்னா அப்பாவோட லோன் பணம் போற கேள்வி!

அதனால, ஒரு இன்ஜினீயரிங் பையன் பாணியில கணக்கைப் பிரிச்சுப் பார்ப்போம். பயப்படாதீங்க, அரியர் விழாது!

ஒய் = எம்.எக்ஸ் + சி... ஞாபகம் இருக்கா?

பத்தாம் வகுப்புல படிச்ச நேர்க்கோட்டுச் சமன்பாடு. 'இது வாழ்க்கைல எங்க சார் உதவும்?'னு அப்பவே கேட்டோமே, இங்கதான்!

எக்ஸ்ங்கறது தூரம். எம்ங்கறது ஒரு கிலோமீட்டருக்கு ஆகற நேரம். சிங்கறது, நீங்க 100 கி.மீ. போனாலும் 8,000 கி.மீ. போனாலும் கட்டியே ஆக வேண்டிய 'நுழைவுக் கட்டணம்'. ஷேர் ஆட்டோல ஏறினாலே மினிமம் சார்ஜ் உண்டே, அது மாதிரி.

விமானத்துல இந்த 'சி'க்குள்ள என்னென்ன இருக்கு? சக்கரத்துக்கு வச்ச கட்டையை எடுத்து வண்டி நகர ஆரம்பிச்சதும் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். அப்புறம் ரன்வே வரைக்கும் ஊர்ந்து போகணும். முன்னாடி நாலு ஃப்ளைட் நின்னா க்யூல நிக்கணும். ஏறினதும் உடனே 800-ல பறக்க முடியாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவா 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ.தான் வேக வரம்பு. இறங்கும்போதும் அதே கதை. காத்து எதிர்ப்பக்கம் இருந்து வர்ற மாதிரி பார்த்துதான் இறங்குவாங்க. அதுக்காகச் சில சமயம் ஊரையே ஒரு ரவுண்டு அடிக்கணும். கடைசியா நிறுத்துமிடம் வரைக்கும் மறுபடி ஊர்வலம்.

கட்டை எடுத்ததுல இருந்து மறுபடி கட்டை போடற வரைக்குமான இந்த மொத்த நேரத்துக்கு 'பிளாக் டைம்'னு பேரு. உங்க டிக்கெட்ல இருக்கறது இதுதான். வானத்துல இருக்கற நேரம் மட்டும் இல்ல. 'பாரிஸ் டு துலூஸ் ஃப்ளைட் டைம்'னு தேடினா ஒரு இடத்துல 50 நிமிஷம்னும் இன்னொரு இடத்துல ஒண்ணேகால் மணி நேரம்னும் வர்றதுக்கு இதுதான் காரணம். ரெண்டும் பொய் இல்ல. ரெண்டும் வேற வேற நேரம்!

மறுபடி நம்ம கணக்குக்கு வாங்க. துலூஸ்: 45 + 30 = 75 நிமிஷம். ஹைதராபாத்: 72 + 30 = 102 நிமிஷம். டிக்கெட்டோட ஏறக்குறைய ஒத்துப் போகுதா? ஜெட்டோட வேகம் ஏ.டி.ஆரை விட 60 சதவிகிதம் அதிகம். ஆனா 600 கி.மீ. பயணத்துல அது மிச்சம் பண்றது அரை மணி நேரம்கூட இல்ல. கிட்டக்க இருக்கற ஊருக்கு வேகத்தை விட 'சி'தான் பெருசு. பெங்களூரு இன்னும் மோசம். நேர்க்கோட்டுல 270 கி.மீ.தான். பறக்கற கணக்குல அரை மணி நேரம். டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல!

ஏர்போர்ட் பெருசா இருந்தா 'சி'யும் பெருசு. 1974-ல திறந்த சார்ல் தெ கோல்ல நாலு ரன்வே. அதுல ரெண்டு, 4,200 மீட்டர் நீளம். லாஸ்பேட்டைல ஒரே ரன்வே, சுமார் 1,500 மீட்டர். கதவைச் சாத்தினோமா, திரும்பினோமா, பறந்தோமான்னு போயிடலாம். ஆனா பெரிய ஜெட் இறங்க அந்த நீளம் பத்தாது. அதனாலதான் நமக்கு ஏ.டி.ஆர்.

(ஒரு சைடு டிஷ்: 1981-ல பிரான்ஸும் இத்தாலியும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனிதான் ஏ.டி.ஆர். அதோட விமானங்களைப் பூட்டி முடிக்கற இடம் எது தெரியுமா? துலூஸ்! லாஸ்பேட்டைல வந்து இறங்கற அந்தப் புரொப்பெல்லர் வண்டியும் ஒரு பிரான்ஸ் ரிட்டர்ன்தான்.)

உலகம் தட்டை இல்ல கண்ணா!

அடுத்து பெரிய தூரம். சென்னை - பாரிஸ். சுவத்துல தொங்கற மேப்ல ஸ்கேல் வச்சு கோடு போட்டா அரபிக்கடல், சவுதி, மத்தியதரைக் கடல்னு போகும். ஆனா ஒரு உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்ச தூரம் அது இல்ல. வீட்ல குளோப் இருந்தா ஒரு நூலை சென்னைல வச்சு பாரிஸ் வரைக்கும் இழுத்துப் பிடிங்க. நூல் வடக்கே வளைஞ்சு போகும். கராச்சி பக்கம், ஈரான், காஸ்பியன் கடலோட தென் கரை, கருங்கடல், ருமேனியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, ஜெர்மனி, பாரிஸ். இதுக்குப் பேர்தான் பெருவட்டப் பாதை.

கணக்கா வேணுமா? சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருந்தா போதும். சென்னை 13 டிகிரி வடக்கு. பாரிஸ் 49 டிகிரி வடக்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 77.6 டிகிரி. சைன் 13-ஐ சைன் 49-ஆல பெருக்குங்க. காஸ் 13, காஸ் 49, காஸ் 77.6 மூணையும் தனியா பெருக்குங்க. ரெண்டையும் கூட்டினா 0.307 வரும். அதோட காஸ் இன்வர்ஸ், 72.1 டிகிரி. பூமி மேல ஒரு டிகிரின்னா 111.2 கி.மீ. பெருக்கினா... சுமார் 8,020 கி.மீ. அவ்வளவுதான்! எந்த ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் இதே ஃபார்முலா. பாரிஸ் - லிஸ்பன் போட்டுப் பாருங்க, 1,470-ஐ ஒட்டி வரும். (இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.)

இப்ப 8,020-ஐ மணிக்கு 900 கி.மீ.யால வகுத்தா ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 'சி' அரை மணி சேர்த்தாலும் ஒன்பதரை. ஆனா சென்னைல இருந்து பாரிஸ் போற ஜெட்டுக்கு பத்து மணி நேரம் தாண்டிடும். மிச்சம் எங்கே?

காத்து அடிக்குது... கதவு சாத்துது!

முதல் வில்லன் காத்து. ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா ஒரு ஆறு மாதிரி ஓடற காத்துக்கு ஜெட் ஸ்ட்ரீம்னு பேரு. குளிர்காலத்துல மணிக்கு 150, 200 கி.மீ. எல்லாம் சாதாரணம். பாரிஸ் போறப்போ அது எதிர்க்காத்து. ஊருக்குத் திரும்பறப்போ அதே காத்து முதுகுல தள்ளும். சைக்கிள்ல பீச் ரோட்டுல போயிட்டு வந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதனால போற நேரமும் வர்ற நேரமும் ஒண்ணு இல்ல. திரும்பி வர்றது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வரைக்கும் குறையலாம்.

ரெண்டாவது வில்லன் மூடின வானம். நூல் போன வழியை மறுபடி பாருங்க. 2019 பிப்ரவரில பாகிஸ்தான் தன் வான்வழியை மூடினப்போ, டெல்லி - இஸ்தான்புல் இண்டிகோ ஃப்ளைட் நேரா போக முடியாம நடுவுல தோஹால இறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டுப் போச்சு. 2022 பிப்ரவரில போர் தொடங்கினதும் உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் மறுபடி இந்திய விமானங்களுக்குக் கதவைச் சாத்துச்சு. அந்த ஜூன்ல ஈரானும் கொஞ்ச நாள் மூடினாங்க. கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கு. ஆனா சுத்திக்கிட்டுப் போகணும்.

கப்பல் காலத்துலயும் இதே கதைதான். 1869 நவம்பர்ல சூயஸ் கால்வாய் திறந்தப்போ நம்ம ஊரும் மார்செய்யும் ஒரு இஞ்ச்கூட நகரல. ஆனா ஆப்பிரிக்காவைச் சுத்த வேண்டிய பயணம் சுருங்கிப் போச்சு. தூரத்தைப் பூகோளம் தீர்மானிக்குது. நேரத்தை வழி தீர்மானிக்குது. வழியை அரசியல் தீர்மானிக்குது!

இந்த வழியும் நமக்கு நிரந்தரமா கிடைக்கல. 2017 அக்டோபர்ல ஜெட் ஏர்வேஸ் சென்னை - பாரிஸ் நேரடி ஃப்ளைட் விட்டாங்க. 2019-ல அந்தக் கம்பெனியே நின்னு போச்சு. 2021-ல ஏர் பிரான்ஸ் வந்தாங்க. அதுவும் நிலைக்கல. அதனால நம்ம ஊர்ப் பயணம்னா நடுவுல ஒரு ஊர்ல மாறிப் போறதுன்னு ஆயிடுச்சு. அங்கதான் 50 நிமிஷமா, மூணு மணி நேரமாங்கற கேள்வி வருது.

கடிகார மேஜிக்

சென்னைல ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி காலைல 8 மணிக்கு பாரிஸ்ல இறங்கறதா டிக்கெட்ல இருந்தா, 'ஹை, ஆறு மணி நேரம்தான்'னு குதிக்காதீங்க. ரெண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்துல பிரான்ஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி. ஆறோட நாலரை கூட்டினா பத்தரை. அதுதான் நிஜம்.

கோடைல இந்த வித்தியாசம் மூன்றரை மணி நேரம் ஆயிடும். மார்ச் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னாடி இழுப்பாங்க. அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமைல பயணம் வச்சிருக்கறவங்க வீட்டுக்கு போன்ல சொல்ற நேரத்தை ஒருதடவைக்கு ரெண்டு தடவை சரிபாருங்க.

'வந்தாச்சு'ன்னா எப்போ?

இப்ப வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர். ஒரு விமானம் 'வந்து சேர்ந்த நேரம்'னா எது? சக்கரம் தரையைத் தொட்ட நேரமா? நிறுத்தின நேரமா? கதவு திறந்த நேரமா? சும்மா பட்டிமன்றம் இல்ல. ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு!

2012-ல ஆஸ்திரியாவோட சால்ஸ்பர்க்ல இருந்து ஜெர்மனியோட கொலோன் - பான் ஏர்போர்ட்டுக்கு ஒரு ஜெர்மன்விங்ஸ் ஃப்ளைட். தூரம் சுமார் 545 கி.மீ. கிளம்ப வேண்டியது மதியம் 1.30, சேர வேண்டியது 2.40. (70 நிமிஷம். நம்ம ஒய் = எம்.எக்ஸ் + சி-ல போட்டுப் பாருங்க, 71 வரும்!) ஆனா அன்னிக்கு லேட். சக்கரம் தரையைத் தொட்டது 5.38-க்கு. நிறுத்துமிடத்துல நின்னது 5.43-க்கு. கதவு திறந்தது அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல.

இதுல என்ன பெரிய விஷயம்? ஐரோப்பாவுல மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டானா நஷ்டஈடு உண்டு. 5.38-ன்னா தாமதம் 2 மணி 58 நிமிஷம். பைசா கிடையாது. 5.43-ன்னா 3 மணி 3 நிமிஷம். 250 யூரோ! கம்பெனி 'சக்கரம் தொட்டாச்சே'ங்கறாங்க. பயணி 'நான் இன்னும் உள்ளதானே உட்கார்ந்திருக்கேன்'ங்கறார்.

2014 செப்டம்பர்ல தீர்ப்பு. ஒரு கதவாவது திறந்து, பயணிகள் வெளியே போகலாம்ங்கற நிலை வந்தாதான் 'வந்து சேர்ந்த நேரம்'. அதுக்கு நீதிமன்றம் சொன்ன காரணம் சூப்பர். கதவு திறக்கற வரைக்கும் மனுஷன் ஒரு மூடின இடத்துல அடைஞ்சு கிடக்கறான். தன் வேலை எதையும் சுதந்திரமா பார்க்க முடியாது. அந்த நிலை முடியற வரைக்கும் பயணமும் முடியல. விமானத்தோட நேரத்தை அளக்காம, மனுஷனோட நேரத்தை அளந்த தீர்ப்பு இது.

கிலோமீட்டருக்கு இவ்வளவு யூரோ!

அந்த ஐரோப்பியச் சட்டம் 2004-ல வந்தது. எண் 261. அதுல நஷ்டஈட்டைத் தீர்மானிக்கறது எது? தூரம்! 1,500 கி.மீ. வரைக்கும் 250 யூரோ. அதுக்கு மேல 3,500 வரைக்கும் 400. ஐரோப்பாவைத் தாண்டி 3,500-க்கு மேல போனா 600. தூரத்தை எப்படி அளக்கணும்னும் சட்டத்துலயே எழுதியிருக்கு. நாம மேல போட்ட அதே பெருவட்டப் பாதை!

அந்த லிஸ்பன் நம்பர் ஞாபகம் இருக்கா? 1,470. இன்னும் 30 கி.மீ. தள்ளி இருந்திருந்தா பாரிஸ் - லிஸ்பன் பயணி அடுத்த ஸ்லாட்டுக்குப் போயிருப்பார். கணக்குப் பாடம் சோறு போடாதுன்னு யார் சொன்னது?

நடுவுல மாறிப் போற பயணத்துக்கு? ரெண்டு துண்டையும் கூட்ட மாட்டாங்க. கிளம்பின ஊருக்கும் கடைசி ஊருக்கும் நடுவுல நேர்க்கோடுதான் கணக்குன்னு 2017-ல அதே நீதிமன்றம் சொல்லிடுச்சு.

யாருக்கெல்லாம் இது பொருந்தும்? ஐரோப்பிய யூனியன் ஏர்போர்ட்ல இருந்து கிளம்பினா எந்த நாட்டு விமானமா இருந்தாலும் பொருந்தும். நம்ம ஊர்ல இருந்து அங்க போறதுன்னா, அந்த யூனியனைச் சேர்ந்த கம்பெனியோட ஃப்ளைட்டா இருக்கணும். புயல் மாதிரி யார் கையிலயும் இல்லாத காரணம்னா நஷ்டஈடு கிடைக்காது. இன்னொண்ணு, மூணு மணி நேரம்ங்கற வரம்பை நாலு, ஆறுன்னு உயர்த்தணும்னு 2025 ஜூன்ல உறுப்பு நாடுகளோட அமைச்சர்கள் ஒரு நிலை எடுத்தாங்க. அதனால டிக்கெட் போடற நாள்ல விதி என்னன்னு ஒருதடவை பார்த்துக்குங்க.

நம்ம நாட்டுல? இங்க டி.ஜி.சி.ஏ. விதி பார்க்கறது தூரத்தை இல்ல, பிளாக் டைமை! முன்கூட்டியே சொல்லாம ஃப்ளைட்டை ரத்து பண்ணினா, பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரைக்கும் 5,000 ரூபாய், ரெண்டு மணி நேரம் வரைக்கும் 7,500, அதுக்கு மேல 10,000. இல்லைன்னா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. ரெண்டுல எது குறைவோ அது. ஆக, புதுச்சேரி - பெங்களூரு 270 கி.மீ.யா இருந்தாலும், டிக்கெட்ல ஒரு மணி நேரத்தைத் தாண்டறதால ரெண்டாவது ஸ்லாட்!

பிரான்ஸ் இன்னொரு அளவுகோலை எடுத்தாங்க. ரயில்ல ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போக முடியற ஊருக்கு உள்நாட்டு ஃப்ளைட் வேண்டாம்னு 2023 மே மாசம் அமலுக்குக் கொண்டு வந்தாங்க. ஓர்லி ஏர்போர்ட்ல இருந்து நான்த், லியோன், பொர்தோ போற ஃப்ளைட்டுகள் போச்சு. துலூஸ் தப்பிச்சுடுச்சு. ஏன்னா அங்க ரயில்ல நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

ஒரே பயணம். ஐரோப்பா கிலோமீட்டரைப் பார்க்குது, இந்தியா பிளாக் டைமைப் பார்க்குது, பிரான்ஸ் ரயில் நேரத்தைப் பார்க்குது. நாம எதைப் பார்க்கணும்?

வாசல் டு வாசல்

நாம பார்க்க வேண்டியது வீட்டு வாசல்ல இருந்து அந்த ஹாஸ்டல் வாசல் வரைக்கும். ஒரு சாம்பிள் போடுவோமா? ஊர் புதுச்சேரி, போக வேண்டியது துலூஸ்.

ஈ.சி.ஆர்.ல சென்னை ஏர்போர்ட்டுக்கு 150 கி.மீ., மூணு மணி நேரம். சர்வதேச ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி போகணும். ஐரோப்பா வரைக்கும் பத்தரை மணி நேரம். அங்க மூணு மணி நேரம் காத்திருப்பு. துலூஸுக்கு ஒண்ணேகால். பெட்டி எடுத்து வெளியே வர்றதுக்கு ஒரு மணி நேரம். மொத்தம்? 21 மணி 45 நிமிஷம். அதுல ஃப்ளைட்டுக்குள்ள இருந்தது 12 மணி நேரத்துக்கும் குறைவு. கிட்டத்தட்ட பாதி நேரம் தரைலதான்! புதுச்சேரி - துலூஸ் நேர்க்கோட்டு தூரம் சுமார் 8,170 கி.மீ. வகுத்துப் பார்த்தா மணிக்கு 375 கி.மீ. அந்த ஊர் டி.ஜி.வி. ரயிலே 320-ல ஓடுது பாஸ்!

இதை வச்சு அஞ்சே அஞ்சு டிப்ஸ்:

1. ஒரே புக்கிங்ல போங்க. சென்னை - பாரிஸ் தனி, பாரிஸ் - துலூஸ் தனின்னு ரெண்டு டிக்கெட் வாங்கினா கொஞ்சம் காசு மிச்சமாகலாம். ஆனா முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்கு நீங்க 'நேரத்துக்கு வராத பயணி', அவ்வளவுதான். ஒரே புக்கிங்னா அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி விட வேண்டியது அவங்க பொறுப்பு.

2. பாரிஸ்ல ஏர்போர்ட் ஒண்ணு இல்ல! சார்ல் தெ கோல் வடகிழக்கே, ஓர்லி தெற்கே. நடுவுல நேர்க்கோட்டுல 34 கி.மீ. 2024 ஜூன்ல மெட்ரோ 14-வது லைன் ஓர்லி வரைக்கும் வந்தாச்சு. இருந்தாலும் ரயில் மாறி, பெட்டியை இழுத்துக்கிட்டுப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். டிக்கெட்ல ஏர்போர்ட் பேரைப் படிங்க, ஊர் பேரை மட்டும் இல்ல.

3. இமிக்ரேஷன், ஷெங்கன் நாடுகள்ல முதல்ல இறங்கற ஊர்லதான். துலூஸ் போற உங்களுக்கு பாரிஸ்ல இறங்கினா பாரிஸ்லதான் அந்தச் சோதனை. ஏர்லைன்ஸ் சொல்ற 'குறைந்தபட்ச கனெக்‌ஷன் நேர'த்துல உங்க முன்னாடி நிக்கற 300 பேரோட க்யூ எப்பவும் சரியா அடங்காது. முதல் தடவை போறவங்க மூணு மணி நேரம் வச்சுக்குங்க.

4. நேர்க்கோட்டு தூரம், பிளாக் டைம், வாசல் நேரம் மூணையும் தனித்தனியா எழுதிப் பாருங்க. யாராவது 'ஃப்ளைட் டைம் இவ்ளோ'ன்னா, 'எந்த டைம்?'னு கேளுங்க.

5. லேட்டாச்சுன்னா போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க. கதவு திறந்த நேரத்தை மொபைல்ல குறிச்சுக்குங்க. சக்கரம் தொட்ட நேரத்துக்கும் கதவு திறந்த நேரத்துக்கும் நடுவுல இருக்கற சில நிமிஷம் ஒருத்தருக்கு 250 யூரோ வாங்கிக் கொடுத்திருக்கு!

கடைசியா ஒண்ணு. ஊர்ல காத்திருக்கறவங்களுக்கு நேரம் சொல்றப்போ விமானம் இறங்கற நேரத்தைச் சொல்லாதீங்க. காலைல 8 மணிக்கு சென்னைல இறங்கற ஃப்ளைட்னா, இமிக்ரேஷன், பெட்டி, ஈ.சி.ஆர். எல்லாம் முடிஞ்சு நம்ம வீட்டு வாசலுக்கு வர மதியம் 12 மணி தாண்டிடும். கல்யாண வீடோ சாவு வீடோ, அவங்க கேட்கறது விமானம் எப்ப வரும்னு இல்ல. நீங்க எப்ப வருவீங்கன்னுதான்!